ஆர்கேட் பெட்டி செய்யக் கொடுக்கிறீர்களா? முதலில் பிளக்கைப் பாருங்கள்

பள்ளி விட்டதும் தெருமுனைக் கடையில் காசு போட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடி வளர்ந்தவன் நான். அதேபோல நின்று ஆடும் பெட்டி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், மகளோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மரவேலையும் வயரிங்கும் எனக்கு வராது. அதனால் ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் முழு செட்டாகச் செய்யக் கொடுத்தேன். மொத்தம் 42,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். கொண்டுவந்து இறக்கிய அன்று பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். பில் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மகள் குளித்துவிட்டு ஈரக்காலோடு போய் நின்றாள். "அப்பா, இதைத் தொட்டா சுர்ருங்குது" என்றாள். நான் செருப்பு போட்டுக்கொண்டே ஆடியதால் எனக்கு அதுவரை தெரியவில்லை. பட்டன்கள் இருக்கும் இரும்புத் தகட்டில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். பட்டன் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் 12 வோல்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை (வீட்டுக் கரண்டைக் குறைந்த வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை) அந்த இரும்புத் தகட்டிலேயே முடுக்கியிருந்தார்கள். அதில் எர்த் முனை காலியாகக் கிடந்தது. வந்திருந்ததும் இரண்டு பின் பிளக். இந்த வகை சப்ளையில் உள்ளிருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிவு இருக்கும், எர்த் கொடுத்திருந்தால் அது தரைக்குப் போய்விடும், கொடுக்காவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும் என்றார். "இன்னைக்கு சுர்ருன்னதோட போச்சு தம்பி. உள்ளே இன்சுலேஷன் போயிருந்தா முழு 230 வோல்ட்டும் இந்தத் தகட்டுக்கு வந்திருக்கும்." அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பிறகுதான் மற்றதையும் பிரித்துப் பார்த்தேன். 18 மி.மீ. பிளைவுட் என்று பேச்சு. வீடு துடைத்த ஈரத்திலேயே அடிப்பக்கம் உப்பியது, உரித்தால் பார்ட்டிகிள் போர்டு. சான்வா என்ற ஜப்பான் கம்பெனி ஜாய்ஸ்டிக் என்று தனியாகக் காசு வாங்கினார், எங்கும் அந்தப் பெயரே இல்லை. சான்வாவின் அசல் ஜே.எல்.எஃப். மாடலில் அடியில் உள்ள சதுரத் தகட்டைத் திருப்பி மாட்டினால் எட்டுத் திசை நான்காகும், பேக்-மேன் போன்ற பழைய ஆட்டத்துக்கு அது வேண்டும். இதில் அந்த வசதி இல்லை. ஆட்டத்தை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். அவர் போட்டிருந்தது சாதாரண போன் சார்ஜர். திரை மூலையில் அடிக்கடி, வோல்ட் போதவில்லை என்று காட்டும் மின்னல் குறி வந்ததன் காரணம் அதுதான். 128 ஜிபி என்று ஒட்டியிருந்த மெமரி கார்டை எஃப்3 என்ற இலவச மென்பொருளில் சோதித்தேன், உண்மையில் 8 ஜிபிகூட முழுதாக இல்லை.

போன் செய்தால் முதலில் "வந்து பாக்குறேன் சார்", அப்புறம் எடுக்கவே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டுமே.

செய்யக் கொடுக்கிறவர்கள் மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக் இருக்கிறதா, பச்சை வயர் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் இரும்புத் தகட்டுக்கும் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். திறக்க மறுத்தால் பெட்டியை இறக்கவே விடாதீர்கள்.

அவர் நேற்று வேறு பெயரில் புது விளம்பரம் போட்டிருக்கிறார். படத்தில் பெட்டிக்குப் பின்னால் தெரிவது எங்கள் வீட்டு ஹால் சுவர்.