‘ஒரிஜினல் ஆர்கேட்’ கேம் பாக்ஸ்: சேலத்தில் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

பத்தாயிரம் விளையாட்டுகள் அடங்கியது என்றும், அத்தனையும் பழைய வீடியோ கேம் கடைகளில் நாணயம் போட்டு விளையாடிய அதே ஆர்கேட் விளையாட்டுகள் என்றும் உறுதி சொல்லி, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டி ஒன்றைச் சேலத்தில் ஒரு கடையில் எனக்கு 4,500 ரூபாய்க்கு விற்றார்கள். அங்கே ஓட்டிக் காட்டிய பெட்டி ஒன்று; அட்டையில் மூடி என்னிடம் கொடுத்த பெட்டி வேறொன்று. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக இதை வாங்குவோர் பலர் இருப்பதால், ஏமாற்று எந்த இடத்தில் நடக்கிறது என்பதை விவரமாகவே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கடையில் எனக்குக் காட்டியது ‘முஸ்தபா’ விளையாட்டு. தொண்ணூறுகளில் ஒரு ரூபாய்க்கு வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அதன் உண்மைப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993இல் கேப்காம் வெளியிட்டது, மூவர் சேர்ந்து ஆடலாம். அந்த ஆர்கேட் விளையாட்டு எந்த வீட்டுக் கன்சோலுக்கும் அதிகாரபூர்வமாக வரவே இல்லை. 2018இல் கேப்காம் தன் பழைய சண்டை விளையாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோதும் இது அதில் இடம்பெறவில்லை. ஆகவே வீட்டில் முஸ்தபா ஓடுகிறது என்றால், அது ஆர்கேட் பலகையின் (அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் மின்னணுப் பலகை) நிரலை எமுலேட்டர், அதாவது அந்தப் பலகையைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், வழியாக ஓட்டுவதாகத்தான் இருக்க வேண்டும். கடையின் பெட்டியில் அது சரியாகவே ஓடியது. மற்ற விளையாட்டுகளும் அப்படியே இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார்.

ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து என் பெட்டியை இணைத்ததும் முதலில் திறந்தது பேக்-மேன். 1980இல் நாம்கோ உருவாக்கிய ஆர்கேட் பேக்-மேனின் திரை நிமிர்த்தி வைக்கப்பட்டது. அகலம் 224 புள்ளிகள், உயரம் 288. புதிர்ப்பாதை உயரமாக நிற்கும், மதிப்பெண் அதற்கு மேலே இருக்கும். என் தொலைக்காட்சியில் வந்ததிலோ பாதை குறுகிய உயரத்துக்குள் அடக்கப்பட்டு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது; மதிப்பெண் வலப்பக்கத்தில் தனிப் பத்தியாக நின்றது. இது 1984இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காகத் தயாரிக்கப்பட்ட வடிவம். நம் ஊரில் கேசட் போட்டு விளையாடிய ‘டிவி கேம்’ பெரும்பாலும் அந்தக் கருவியின் நகல்தான். பட்டியலில் மட்டும் ‘ஆர்கேட்’ என்ற தலைப்பும் ஆர்கேட் படமும் போட்டிருந்தார்கள்.

வீட்டுக் கருவிக்கு மாற்றி எழுதுவதும் எமுலேட்டரில் ஓட்டுவதும் ஒன்றல்ல என்பதை வாங்குவோர் தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஆர்கேட் பலகைகளில் பல அந்தந்த விளையாட்டுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. அக்கால வீட்டுக் கருவிகளுக்கு அந்தத் திறன் கிடையாது என்பதால் விளையாட்டையே வெட்டிச் சுருக்கினார்கள். 1981இல் ஆர்கேடில் வந்த டாங்கி காங்கில் நான்கு கட்டங்கள் உண்டு. 1983இல் ஃபேமிகாமுக்கு வந்தபோது சிமெண்ட் தொழிற்சாலைக் கட்டம் காணாமல் போனது. சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த முதல் ஃபைனல் ஃபைட்டில் இருவர் சேர்ந்து ஆடும் வசதியே இல்லை; மூன்று நாயகர்களில் ஒருவரையும் தொழிற்பேட்டைக் கட்டத்தையும் நீக்கிவிட்டார்கள். ஃபேமிகாமால் திரையின் ஒரே கிடைவரியில் எட்டு அசையும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதனால்தான் அந்த டிவி கேம்களில் எதிரிகள் கூடும் இடத்தில் உருவங்கள் மினுக்கின.

1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு நொடிப்படத்துக்கும் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படமும், ‘ஃபிரேம்’) ஒரே ஒரு வேற்றுக்கிரகவாசியைத்தான் கருவி நகர்த்துகிறது. ஐம்பத்தைந்தும் உயிரோடு இருக்கும்போது ஒரு சுற்று முடியவே நேரமாகும். சுட்டு வீழ்த்த வீழ்த்தச் சுற்று குறுகி, கடைசியில் எஞ்சியது பறக்கும். அந்தப் பதற்றம் கருவியின் வரம்பிலிருந்தே பிறந்தது. ஆர்கேட் நிரலையே ஓட்டும் எமுலேட்டரில் அது தானாக வந்துவிடும். புதிதாக எழுதுபவர் கணக்குப் பார்த்துத் திரும்ப உருவாக்க வேண்டும். 1997இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் (MAME) என்ற ஆர்கேட் எமுலேட்டர் திட்டம் பலகையின் நடத்தையையே பதிவு செய்ய முயல்வது இதனால்தான். என் பெட்டியில் இருந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் வேகம் ஒழுங்காகக் கூடாமல், திடீரென்று தாவித் தாவிக் கூடியது.

முஸ்தபாவாவது தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. ஆர்கேட் நிரல்தான், ஆனால் பெட்டிக்குள் இருந்த சிப் அதை முழு வேகத்தில் ஓட்ட வலுவில்லாமல் நொடிப்படங்களைத் தவிர்த்துக்கொண்டே போனது. ஒலி விட்டுவிட்டு வந்தது. நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் தெரிய வேண்டிய காட்சியை அகலத் தொலைக்காட்சி முழுவதும் இழுத்து நிரப்பியதால் டைனோசார்கள் ஊதிப் பருத்திருந்தன, அதை மாற்ற அமைப்பும் இல்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது தாமதம். நொடிக்கு அறுபது படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. ஐந்தாறு படங்கள் தாமதமானாலே கை சொல்வதும் திரை செய்வதும் பிரிந்துவிடும். எதிரி கத்தியை ஓங்கியதும் பட்டனை அழுத்தினால், முஸ்தபா குத்து வாங்கி விழுந்த பிறகு குதித்தான். தாமதத்தைக் குறைக்கும் தொலைக்காட்சியின் கேம் மோடை இயக்கியும் பார்த்தேன். அதே தொலைக்காட்சியில் என் அண்ணன் மகனுடைய கன்சோல் எந்தத் தாமதமும் இல்லாமல் ஓடுகிறது.

பத்தாயிரம் என்ற எண்ணிக்கையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஒரே விளையாட்டு வெவ்வேறு பெயரில், வெவ்வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வருகிறது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கடைக்குப் போனால், “டிவியிலதான் சார் ஏதாச்சும் பிரச்சினை இருக்கும்” என்றார் கடைக்காரர். கடையின் தொலைக்காட்சியிலேயே என் பெட்டியை இணைத்து, பக்கத்தில் அவருடைய மாதிரிப் பெட்டியை இணைத்து, இரண்டிலும் பேக்-மேனைத் திறந்து காட்டினேன். மாதிரியில் நிமிர்ந்த பாதை. என்னுடையதில் ஒதுங்கிய பாதை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, “கேமுக்கெல்லாம் கேரண்டி கிடையாதுங்க சார். பெட்டி ஆன் ஆகுதுல்ல?” என்றார். மாதிரிப் பெட்டியையே கொடுங்கள் என்றதற்கு, அது விற்பனைக்கு இல்லையாம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மாதிரியைப் பார்த்துத் திருப்தி அடையாமல், நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் பெட்டியையே பிரித்து இணைக்கச் சொல்லுங்கள். விளையாட்டைத் திறந்ததும் திரையில் ‘கிரெடிட்’ என்ற எண் இருக்கிறதா, நாணயம் போடச் சொல்கிறதா என்று பாருங்கள். பொதுவாக ஆர்கேட் நிரல் நாணயம் கேட்கும், வீட்டு வடிவம் ஒருவரா இருவரா என்று மட்டும் கேட்கும். பேக்-மேனில் மதிப்பெண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். வேகத்துக்கும் தாமதத்துக்கும் முஸ்தபாவில் கூட்டம் சேரும் வரை ஆடிப் பாருங்கள். முதல் அடியாளோடு நிறுத்தினால் எதுவும் தெரியாது. இந்தப் பெட்டிகளில் உரிமம் பெற்று ஏற்றியவை எவை என்று சொல்வாரும் இல்லை. முறையாக வேண்டுவோருக்கு ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசை உண்டு. அதில் ஆர்கேட் டாங்கி காங் 2018இல் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது, சிமெண்ட் கட்டத்தோடு.

பணம் கட்டுமுன் பில்லைப் பாருங்கள். எனக்குத் தந்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட வெள்ளைத் துண்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, பொருளின் பெயர் ‘கேம் 1’, ரப்பர் ஸ்டாம்பில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’. பில் கொடுக்காமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைகள். திரும்பப் பெறும் காலத்தைப் பில்லில் குறிப்பிடாவிட்டால் அது முப்பது நாள் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் மனுச் செய்யலாம்.

யுபிஐ ரசீது, அந்த வெள்ளைத் துண்டு, இரண்டு பெட்டிகளும் ஒரே திரையில் ஓடும் காணொளி மூன்றையும் இணைத்து 1915 வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு கடையிலிருந்து அழைத்துப் பாதிப் பணம் தருவதாகவும் புகாரைத் திரும்பப் பெறுமாறும் கேட்டார்கள். முழுத்தொகையும் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பதில் அனுப்பியிருக்கிறேன்.