"லைவ் போலீஸ் கேஸ்" பென்டிரைவும் என் 65,000 ரூபாயும்

சைபர் ஃபோரன்சிக்ஸ் (கம்ப்யூட்டர், போன்களில் குற்றத் தடயம் தேடும் துறை) படிக்க இன்ஸ்டிட்யூட் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் இன்ஸ்டிட்யூட்டின் பெயரைப் போடவில்லை.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஊர் விழுப்புரம் பக்கம். 2024 டிசம்பரில் அப்பாவோடு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன். கவுன்சிலர் மேடம் அப்பாவிடம், "சார், நாலு மாசம்தான். உங்க பொண்ணு கவர்ன்மென்ட் லேப்ல உக்காந்திருப்பா" என்றார். அவர் தலைக்கு மேலே 'அரசு அங்கீகாரம்' என்று ஒரு பிரேம். பிறகுதான் தெரிந்தது, அது சிறு தொழில்களுக்கான வெறும் உத்யம் பதிவு. பெட்டிக்கடை வைத்திருப்பவரும் ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். பாடத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ரசீதின் பின்பக்கம் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று எறும்பு சைஸில் அச்சடித்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தோம்.

வகுப்பில் டிஸ்க்கை ஆராயும் என்கேஸ் மென்பொருளின் ஏதோ ஒரு பழைய கிராக் வெர்ஷன். ஜூலை 1, 2024 முதல் சாட்சியச் சட்டமே மாறி, கம்ப்யூட்டர் ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்கும் பழைய 65பி சான்றிதழின் இடத்துக்கு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு வந்துவிட்டது. எங்கள் நோட்ஸில் கடைசி வரை 65பி-தான். உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது ஹாஷ் ஒன்றைத்தான். அது ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு நீள எண்: டிஸ்க் இமேஜின் (டிஸ்க்கின் அச்சு அசல் நகல்) உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும், ஃபைல் பெயரை எப்படி மாற்றினாலும் மாறாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்தார் சார். "இது லைவ் கேஸ். போலீஸ் நம்மள நம்பிக் குடுத்தது. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது." கேஸ் இதுதான்: கைவிடப்பட்ட ஒரு டெல் லேப்டாப், கூடவே வயர்லெஸ் கார்டு, கையால் செய்த ஆன்டெனா. பென்டிரைவில் இருக்கும் அந்த லேப்டாப்பின் டிஸ்க் இமேஜை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். திறந்தால் விண்டோஸ் எக்ஸ்பி! கேட்டதற்கு, "கிரிமினல் பழைய மெஷின்தான்மா யூஸ் பண்ணுவான்" என்றார். தேதியெல்லாம் 2004 என்று காட்டியது. "பயாஸ் கடிகாரத்த மாத்தி வச்சிருக்கான், அதுவும் ஒரு ட்ரிக்." நாங்கள் பதினாறு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. யூசர் பெயர் 'மிஸ்டர் ஈவில்' என்று கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரெஸ்யூமேயில் 'போலீஸ் லைவ் கேஸ் அனுபவம்' என்று போடச் சொன்னார்கள். போட்டேன். 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்பதில் அவர்கள் அனுப்பிய இரண்டு இடமும் கடன் வசூல் கால் சென்டர். மூன்றாவதாக நானே விண்ணப்பித்து ஒரு நல்ல கம்பெனியின் இன்டர்வியூவுக்குப் போனேன். முதல் கேள்வி: "லேப்டாப் ஆன்ல இருக்கு, பிட்லாக்கர் போட்டிருக்கு. என்ன பண்ணுவீங்க?" வகுப்பில் சொன்னபடி, "உடனே பவரைப் பிடுங்கிடுவேன் சார்" என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: பிட்லாக்கர் டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் மென்பொருள், பவரைப் பிடுங்கினால் மெமரியில் இருக்கிற சாவியும் போய்விடும், பிறகு டிஸ்க் வெறும் பூட்டிய பெட்டி, மெஷின் ஓடும்போதே முதலில் ரேமில், அதாவது மெமரியில், இருப்பதை நகல் எடுக்க வேண்டும்.

அடுத்து லைவ் கேஸைப் பற்றிக் கேட்டார். டெல் லேப்டாப் என்று ஆரம்பித்தேன். "யூசர் மிஸ்டர் ஈவிலா?" என்றார்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்காக இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் மாதிரி கேஸ் அது. கதையே 2004 செப்டம்பரில் நடப்பதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தன் லேப்டாப்பைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்றார். வேலை கிடைக்கவில்லை.

அன்றிரவே ஹாஷ் கணக்கிட்டுக் காட்டும் எஃப்டிகே இமேஜர் மென்பொருளில் பென்டிரைவ் இமேஜைப் போட்டு வெரிஃபை கொடுத்தேன். ஃபைலுக்கு ஏதோ போலீஸ் வழக்கு எண் மாதிரி பெயர் வைத்திருந்தார்கள். எம்டி5 என்ற வகை ஹாஷ் மதிப்பு ஏஇஇ4 என்று ஆரம்பித்தது. நிஸ்ட் இமேஜை இறக்கி அதையும் போட்டேன். இரண்டு ஹாஷிலும் முப்பத்திரண்டு எழுத்தும் அப்படியே பொருந்தின.

பணத்தைக் கேட்டால் முதலில் "டைரக்டர் ஊர்ல இல்லமா", பிறகு போனே எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். இன்ஸ்டிட்யூட் பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே தாக்கல் செய்யலாம். விளம்பர நோட்டீஸ், வாட்ஸப் வாக்குறுதி, ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நான் நோட்டீஸைத் தொலைத்துவிட்டு, கூடப் படித்த தோழியிடம் கெஞ்சி வாங்கினேன்.

இந்தத் துறை மேல் எனக்குக் கோபம் இல்லை. மிஸ்டர் ஈவில் கேஸை இன்றே உங்கள் வீட்டு லேப்டாப்பில் இறக்கலாம். அதை ஆராய ஆட்டோப்சி, எஃப்டிகே இமேஜர், ரேமை ஆராயும் வோலடிலிட்டி என்ற மென்பொருள்கள் மூன்றுமே இலவசம். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தால், இது நமக்கு ஒத்துவருமா என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். பட்டம் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சைபர் ஃபோரன்சிக்ஸ் எம்.எஸ்சி. இருக்கிறது, காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுத வேண்டும். எந்த கவுன்சிலர் மேடத்தாலும் உள்ளே உட்காரவைக்க முடியாது. அதையும் மீறி இன்ஸ்டிட்யூட்டில்தான் சேருவேன் என்றால், பாடம் எடுப்பவர் எந்த லேபில் வேலை பார்த்தார், கோர்ட்டில் சாட்சி சொல்லியிருக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். எங்கள் சார் எங்களுக்கு முந்தைய பேட்ச் மாணவர். பாவம், அவருக்கும் வேலை கிடைக்கவில்லை போல.

புகாரோடு இரண்டு ஹாஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். "இது என்னம்மா இவ்ளோ நீள நம்பர்?" என்று ஆணைய அலுவலக ஊழியர் கேட்டார். விளக்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கிறோம்.