பஸ் சீட் ட்ரேயில் வயர்லெஸ் சார்ஜிங்: குன்னூர்–சென்னை வழியில் 16 மாத அனுபவம்

குன்னூரைச் சுற்றியுள்ள சில தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அதன் பொருட்டு மாதத்துக்கு இரண்டு முறையாவது சென்னைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கடந்த 16 மாதங்களாக நான் பெரும்பாலும் ஏறுவது, ஊட்டியில் புறப்பட்டு மாலை ஏழு மணியளவில் குன்னூரைத் தொட்டு, மறுநாள் விடியலில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும் ஒரு தனியார் ஏசி பஸ். முன்சீட்டின் முதுகில் மடித்திருக்கும் ட்ரேயை விரித்தால், அதன் வலது மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் தெரியும். கைபேசியை அதன்மேல் வைத்தால் வயர் இல்லாமலே சார்ஜ் ஏறும் என்பது ஏற்பாடு. வேலையின் பழக்கத்தால் இதற்கும் ஒரு குறிப்பேடு போட்டேன். ஏறும்போது எத்தனை விழுக்காடு, மேட்டுப்பாளையத்தில் எத்தனை, இறங்கும்போது எத்தனை என்று 41 பயணங்களின் கணக்கு அதில் இருக்கிறது. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான்.

முதல் பயணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வளைவுகளுக்கு இடையில் இருக்கும் எண்ணற்ற சிறு வளைவுகளை யாரும் எண்ணுவதில்லை. என் போன் எண்ணியது. காட்டேரியைத் தாண்டியதும் பஸ் இடப்பக்கம் ஒடிய, வழவழப்பான பிளாஸ்டிக் ட்ரேயில் போன் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. சார்ஜ் நின்றது. நான் இழுத்து வட்டத்தில் வைத்தேன். ‘டிங்’ என்று ஓர் ஒலி எழுந்து சார்ஜ் தொடங்கியது. அடுத்த வளைவில் அது இடப்பக்கம் வந்தது. மறுபடியும் இழுப்பு, மறுபடியும் ‘டிங்’. மரப்பாலம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, “சார், அந்தச் சத்தத்தையாவது நிறுத்துங்களேன்” என்றார். சத்தத்தை நிறுத்தினேன். சார்ஜ் எப்போது நின்றது என்பதும் அதன்பின் தெரியாமல் போயிற்று. பர்லியாரைக் கடந்து பார்த்தபோது, ஏறும்போது 31 விழுக்காடாக இருந்தது 30 ஆகியிருந்தது.

இதில் ட்ரேயின் குறை பாதி, தொழில்நுட்பத்தின் இயல்பு பாதி. ட்ரேயின் அடியில் ஒரு செப்புக் கம்பிச்சுருள், போனின் முதுகுக்குள் இன்னொரு சுருள். முதல் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம் இரண்டாவது சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய அதே தத்துவம்தான். இதற்கான பொதுத் தரத்தை, 2008-இல் அமைக்கப்பட்ட வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு வகுத்தது. சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் ‘ச்சீ’ என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பதினான்கு வளைவுகளிலும் நான் சொன்ன ‘ச்சீ’ வேறு பொருளில். இரண்டு சுருள்களும் சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்று நேராக அமர்ந்திருக்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலே ஏறும் மின்சாரம் குறைந்து, வீணாவது சூடாக மாறுகிறது. இன்னும் விலகினால் அடியோடு நின்றுவிடுகிறது. கார்களில் இந்த வசதியை முதலில் கொடுத்தது டொயோட்டாவின் 2013 அவலான் என்பார்கள். அதற்குப் பின் வந்த கார்களில், போன் வைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு சிறு பள்ளமாக, ரப்பர் விரிப்போடு, சுற்றிலும் கரையோடு இருப்பதைப் பார்க்கலாம். பஸ் ட்ரேக்கோ கரையும் இல்லை, பள்ளமும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்க வசதியாகச் சமதளமாகவே விட்டுவிட்டார்கள்.

சமவெளிக்கு வந்தபின் கதை வேறு. மேட்டுப்பாளையம் தாண்டியதும் போன் இருந்த இடத்தில் இருக்கிறது. மணிக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு ஏறுகிறது. ட்ரேயில் ‘10 வாட்’ என்று ஒட்டியிருந்தாலும் என் போன் அதில் பாதியைத்தான் வாங்கிக்கொள்கிறது என்று இந்த வேகத்தைக் கொண்டு கணக்கிடுகிறேன். வீட்டில் வயர் போட்டு ஏற்றும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் இரவு முழுவதும் பஸ்ஸில் இருப்பவனுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. அவிநாசி தாண்டி ஓரிடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டால் ட்ரேயும் உறங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். 41 பயணங்களில் 29-இல் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. விடியற்காலை இருட்டில் ஆட்டோவைக் கூப்பிடவும் காசு கொடுக்கவும் போனையே நம்பியிருக்கும் எனக்கு இது சிறிய காரியம் அல்ல.

மலையில் மட்டும் ஏன் ஏறாமல் போகிறது என்பதற்கு நழுவுதல் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பர்லியார் பக்கத்துக் காட்டுப்பகுதியில் டவர் வந்து வந்து போகும்; கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடியே போன் தன் பேட்டரியைத் தின்னும், சூடாகவும் செய்யும். இப்படி ஒரு பக்கம் சொட்டுச்சொட்டாக ஏற, மறுபக்கம் ஓட்டைக் குடம்போல் இறங்கினால் மிஞ்சுவது பூஜ்யம்தான். ஏரோபிளேன் மோடில் போட்டுப் பார்த்த பயணங்களில் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எட்டுப் பத்து விழுக்காடு ஏறியிருக்கிறது. கோடை சீசனில் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும் நாட்களிலும் இதே நிலைதான். வளைவுகளின் வரிசை மாறுகிறதே தவிர போனுக்கு நிம்மதி கிடையாது.

ஏழாவது மாதத்தில் ஒரு பழுது வந்தது. பார்வைக்குத் தெரியாத பழுது அது. வட்டத்தின் விளக்கு எரியும், போனை வைத்தால் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். ட்ரேயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் மறுபடியும் ஏறும். சுருளுக்குப் போகும் வயர் ட்ரேயின் கீல் வழியாகத்தான் செல்கிறது. நாளுக்குப் பலமுறை விரித்து மடித்ததில் உள்ளே வயர் இற்றுப்போயிருக்க வேண்டும். அன்றிரவு சேலம் வரைக்கும் வலது முழங்காலால் ட்ரேயை முட்டுக்கொடுத்தபடி நான் பயணம் செய்தேன். முழங்கால் மரத்துப்போனபோது கிளீனர் தம்பி வந்து, பழைய டிக்கெட் அட்டை ஒன்றை நாலாக மடித்துக் கீலின் இடுக்கில் செருகினார். “நாலஞ்சு சீட்டுல இப்படித்தாங்க சார், இந்த அட்டைதான் வைத்தியம்” என்றார். அலுவலகத்தில் சொன்னேன், அந்த ட்ரேயை மாற்றினார்கள். ஆனால் வேறு மூன்று சீட்டுகளில் வட்டத்தின்மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். மடித்து விரிக்கும் பலகையில் மின்சாரத்தைக் கொண்டுபோவது எவ்வளவு சிக்கலானது என்பதை வடிவமைத்தவர் யோசித்திருந்தால், கீலில் வயருக்கு வளைந்துகொடுக்கும் தளர்ச்சியைக் கொடுத்திருப்பார்.

இனி, நான் அலட்சியமாகக் கடந்துபோக இருந்த ஒரு விஷயம். ஒரு பயணத்தில் காரமடையைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். நான் போனை வட்டத்தில் வைப்பதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இதுல கரண்டு அடிக்காதுங்களா?” என்று கேட்டார். அடிக்காதுங்க அம்மா, தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கொஞ்சம் மேதாவித்தனமாகவே விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை. “எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சுல மிஷினு வெச்சிருக்குதுங்க. அவரு இந்தப் பலகைமேல தலையச் சாச்சுத்தான் தூங்குவாருங்க” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்கள் ஐபோனைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேலும், வயர்லெஸ்ஸாகச் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேலும் தள்ளி வைத்திருக்குமாறு ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. 30 சென்டிமீட்டர் என்பது ஓர் அடி. மேசையில் கிடக்கும் சார்ஜரிடமிருந்து ஓர் அடி விலகியிருப்பது எளிது; ஆனால் ட்ரேயில் தலைசாய்த்துத் தூங்குபவரின் நெஞ்சுக்கும் அந்த வட்டத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது. அத்தகையவர் அமர்ந்திருக்கும் சீட்டில் இதை அணைத்து வைக்க ஒரு சிறு சுவிட்ச் தேவை. இந்த பஸ்ஸில் அது இல்லை. எச்சரிக்கை வாசகமும் இல்லை.

உலோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டத்தின்மேல் சாவியோ சில்லறையோ சும்மா கிடந்தால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை; ட்ரே அவ்வப்போது சிறு துடிப்பு அனுப்பிப் பார்த்து, போனிடமிருந்து பதில் வந்த பிறகே மின்சாரத்தை முழுதாகச் செலுத்துகிறது. போனுக்கும் வட்டத்துக்கும் நடுவில் உலோகம் மாட்டிக்கொள்ளும்போதுதான் தொல்லை. அப்படி எதையும் கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்று தரம் சொல்கிறது. ஆயினும் போனின் பின்னால் விரலுக்கான இரும்பு வளையம் ஒட்டியிருந்த ஒரு கல்லூரி மாணவர், அரை மணி நேரத்தில் அந்த வளையத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறியதை நான் கண்ணால் பார்த்தேன். போன் உறைக்குள் ஏடிஎம் அட்டையைச் செருகி வைத்திருப்பவர்களும் அதை எடுத்துவிட்டு வைப்பது நல்லது.

வெள்ளை வட்டத்தைச் சுற்றி எரியும் நீல விளக்கு இரவில் கண்ணைக் குத்துகிறது. மருந்துக்கடை பிளாஸ்திரி ஒரு துண்டு போதும்.

இவ்வளவு சொன்னபின்னும் வயர்லெஸ்ஸுக்கு உரிய பெருமையைச் சொல்லாமல் விட முடியாது. இதே பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் யுஎஸ்பி துளைகளும் இருந்தன. ஓராண்டுக்குள் அவற்றில் பாதி ஆட்டம் கண்டுவிட்டன. மீதியில் பொரி, வர்க்கித் தூள், சூயிங்கம் என்று சகலமும் அடைந்துகிடந்தன. ட்ரேயில் துளை இல்லை. ஒருமுறை வளைவில் என் பிளாஸ்க் மூடி கழன்று தேநீர் முழுவதும் வட்டத்தின்மேல் கொட்டியது. துடைத்துவிட்டுப் போனை வைத்தேன், வழக்கம்போல் ஏறியது. வயர் வழியாகப் போனிலிருந்து தகவல் திருடப்படுமோ என்று அஞ்சுவோருக்கும் இதில் கவலை இல்லை. மறுபுறம், விலை குறைந்த போன்களில் பெரும்பாலானவற்றில் இந்த வசதியே கிடையாது. நான் ஒரு நாள் நடந்துபோய் எண்ணிப் பார்த்தபோது, 36 பேர் இருந்த பஸ்ஸில் வட்டத்தின்மேல் போன் வைத்திருந்தவர்கள் ஐந்தே பேர். மற்றவர்கள் பழுதான துளைகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நழுவுவதற்கு நானாக ஒரு தீர்வு கண்டேன். முதலில் சமையலறை அலமாரியில் விரிக்கும் ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டேன். போன் அசையவில்லை, ஆனால் தடிமன் அதிகமாகிச் சார்ஜும் ஏறவில்லை. பிறகு மெல்லிய சிலிக்கான் விரிப்பை எடுத்து, உளுந்து வடைபோல நடுவில் ஓட்டை வெட்டி, வட்டம் அந்த ஓட்டைக்குள் வருமாறு வைத்தேன். போனின் ஓரங்கள் மட்டும் சிலிக்கானில் பிடித்துக்கொண்டன. அதன்பின் 14 வளைவுகளில் சராசரியாக இரண்டு முறைதான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. கிளீனர் தம்பிக்கும் இரண்டு வெட்டிக் கொடுத்தேன். 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய ‘ச்சீ 2’ தரத்தில் சுருளைச் சுற்றிக் காந்தங்கள் வருகின்றன. போனைத் தாமே இழுத்து நேராக நிறுத்திக்கொள்ளும். மலைவழி பஸ்ஸுக்கு அதுவே சரியான மருந்து என்று நினைக்கிறேன், போனிலும் அந்தக் காந்தம் இருந்தால்.

பஸ் அலுவலகத்துக்கு மூன்று கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தேன்: வட்டத்தைச் சுற்றி அரை அங்குலக் கரை, அணைக்க ஒரு சுவிட்ச், யுஎஸ்பி துளைகளை எடுக்காமல் பழுதுபார்த்தல். மேலாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, “புது வண்டி வருதுங்க சார், அதுல எல்லாம் சரியா இருக்கும்” என்றார். சென்ற மாதம் அந்தப் புது வண்டியில் ஏறினேன். யுஎஸ்பி துளைகள் இல்லை. ட்ரேயில் ‘15 வாட்’ என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பலகை முன்னதைவிட இன்னும் வழவழப்பாக, கண்ணாடிபோல் மின்னியது. விரிப்பைப் பையிலிருந்து எடுப்பதற்குள் பஸ் முதல் வளைவில் திரும்பிவிட்டது. போன் என் மடியில் வந்து விழுந்தது.