முகப்பில் தெரியும் அந்த எண்: நான்கு வருடமாக ஓடும், முட்டை பொரிக்கிற என் இன்குபேட்டர் பற்றி

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு போன். எனக்குத் தம்பி முறை ஆகிற பையன், புதிதாகக் கோழி வளர்ப்பில் இறங்கியிருக்கிறான். "அக்கா, உங்ககிட்ட இருக்கிற அதே இன்குபேட்டர் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா? இல்ல, நீங்க புதுசு மாத்துறதா இருந்தா உங்களோடதையே எனக்குக் குடுத்துடுறீங்களா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. மெஷின் பழுது பார்த்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் 9 முட்டைகளில் ரத்த வளையம், அதாவது கரு பிடித்துப் பிறகு செத்த அடையாளம், பார்த்து வெளியே எடுத்திருந்தேன். "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். கோபம் முழுதாகத் தணியவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்.

48 முட்டை பிடிக்கிற, உள்ளே விசிறி உள்ள, முட்டையைத் தானே புரட்டிவிடுகிற பெட்டி. அதன் மற்ற விவரமெல்லாம் உனக்கே தெரியும். இந்த 4 வருடத்தில் 20 ஈடு வைத்து எடுத்திருக்கிறேன். நோட்டில் ஒவ்வொரு ஈடும் எழுதி வைத்திருக்கிறேன்: வைத்த முட்டை 836, இறங்கிய குஞ்சு 588. நூற்றுக்கு எழுபது. வீட்டளவில் செய்கிறவர்களுக்கு இது நல்ல கணக்குதான், மறுக்க மாட்டேன். என் சண்டை முழுக்க முகப்பில் சிவப்பாக மின்னுகிற வெப்ப எண்ணோடுதான்.

விசிறி உள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு 37.5லிருந்து 37.8 டிகிரி வரை இருக்க வேண்டும். வந்த அன்றே 37.7 வைத்தேன். எண் அசையாமல் நின்றது. பார்க்கவே நிம்மதியாக இருந்தது. முதல் ஈடு 48 முட்டை. 7ஆம் நாள் விளக்கு வைத்துப் பார்த்ததில் கரு கூடாதது 6, ரத்த வளையம் 1. மீதி 41இலும் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடியிருந்தது. 21ஆம் நாள் விடிந்தது, ஒன்றும் இல்லை. 22ஆம் நாள் ஒன்றிரண்டு ஓடு கீறின. 24ஆம் நாள் முடிவதற்குள் 19 குஞ்சு வந்தது. எல்லாம் சோர்ந்து, வயிறு பெருத்து, சிலதுக்குத் தொப்புள் மூடாமல். மீதி 22 முட்டையை உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சு, இறகு முளைத்து, கண் மூடி, உள்ளேயே செத்துக் கிடந்தது. அந்த 22ஐயும் ஒவ்வொன்றாக உடைத்த சாயங்காலம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அடைக்கோழி வைத்துக் குஞ்சு இறக்கியவர். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துத் தொப்புளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூடு பத்தலை. அடையில சரியா உக்காராத கோழியோட முட்டையும் இப்படித்தான், நாள் தள்ளி வரும், பாதி உள்ளயே போயிடும்."

"இல்லத்தை, 37.7 காட்டுதே" என்றேன்.

"அது காட்டும். குஞ்சு வேற சொல்லுதே."

அன்று ராத்திரி காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே முட்டை மட்டத்தில் வைத்தேன். இதை நீ எந்த மெஷின் வாங்கினாலும் செய். அடை வெப்பமும் உடம்புச் சூடும் ஏறக்குறைய ஒரே அளவு. காய்ச்சல் தெர்மாமீட்டர் அந்த 35-42 டிகிரிக்குள் துல்லியமாகக் காட்டவென்றே செய்த கருவி. ஒன்று மட்டும் கவனம்: கண்ணாடிக் குழாய் வகை ஏறிய உச்சத்திலேயே நின்றுவிடும், கீழே இறங்காது. ஒவ்வொரு முறையும் உதறி வைக்க வேண்டும், அது காட்டுவது அந்த நேரத்துச் சூடு அல்ல, அதுவரை ஏறிய உச்சம். முகப்பு 37.7 என்றது, குழாய் 36.8 என்றது. ஒன்றை நம்பக் கூடாது என்று இன்னும் இரண்டு வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே பேச்சு. 0.9 டிகிரி குறைவு. நமக்கு அது ஒரு சின்னப் புள்ளிக் கணக்கு. முட்டைக்குள் இருப்பதற்கு மூன்று வாரமும் குளிர்.

கம்பெனிக்குப் பேசினேன். "எல்லா மெஷினும் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறோம் மேடம்" என்றார்கள். எண்ணைத் திருத்த வழி உண்டா என்று கேட்டேன். இல்லை. இதுதான் எனக்கு ஆறாத குறை. சென்சார் என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வாங்கியவர் தன் தெர்மாமீட்டரை வைத்துச் சரிபார்த்து அந்தப் பிழையைக் கழித்துக்கொள்ள ஒரு வசதி வைத்திருக்கலாம். கையேட்டிலாவது "முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் 22 குஞ்சில் பாதியாவது வெளியே வந்திருக்கும்.

சரி, நானே வழி செய்துகொண்டேன். 38.6 வைத்தால் உள்ளே 37.7. மூடியில் ஒரு டேப் ஒட்டி, அதில் பெரிதாக 38.6 என்று எழுதி வைத்தேன். அடுத்த 19 ஈடும் அந்த டேப்பை வைத்துத்தான் இறக்கினேன். பிழை இருந்தது, ஆனால் நான்கு வருடமும் ஒரே அளவில் இருந்தது. அதனால் காலம் ஓடியது. போகப்போக தெர்மாமீட்டர் வைப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

ஈரப்பதமும் இதே கதைதான், ஆனால் அங்கே எனக்கு எண் தேவைப்படவில்லை. முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் நூற்றுக்கு 12 பங்கு போல இழக்க வேண்டும். வைக்கிற அன்று 10 முட்டையைப் பென்சிலால் குறித்து எடை போடுவேன். 520 கிராம் இருந்தால் 18ஆம் நாள் 458 பக்கம் வர வேண்டும். எடை குறையவில்லை என்றால் தண்ணீர் அதிகம், ரொம்பக் குறைந்தால் தண்ணீர் போதவில்லை. தனியாக ஈரப்பதமானி வாங்கினால் ஒரு சின்ன மூடியில் உப்பு போட்டு, சேறு போல ஈரமாக்கி, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வை. காலையில் 75 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எத்தனை வித்தியாசம் என்று அதன் முதுகிலேயே எழுதிவிடு.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், புரட்டுகிற தட்டு ஒரு நாள்கூட நின்றதில்லை. இதற்கு முன் கையால் புரட்டியவள் நான். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து தடவை, எப்போதும் ஒற்றைப்படை, ராத்திரி நீளத்துக்கும் முட்டை ஒரே பக்கம் கிடந்துவிடக் கூடாதே என்று. புரட்டாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் முட்டை ஞாபகம் வந்து எழுந்து ஓடி வந்திருக்கிறேன். அந்தக் கவலையை இந்தப் பெட்டி அடியோடு எடுத்துவிட்டது. கழுவுவதும் சுலபம்.

அப்புறம், வாங்கும்போது நான் எதிர்பார்க்காத ஒன்று. இதன் விசிறி சத்தமே போடாது. 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, தண்ணீர் கூட்டி, மூடியதுதான். அதற்குப் பிறகு திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிக்கொள்ளும். அந்த மூன்று நாளும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கை துடிக்கும். 19ஆம் நாள் வாக்கில் குஞ்சு உள்சவ்வைக் குத்தி, முட்டையின் பருத்த பக்கத்துக் காற்றறைக்குள் மூக்கை நீட்டி, முதல் மூச்சு இழுக்கும். மூச்சு வந்ததும் குரல் வரும். ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளிருந்து கீச்சென்று கேட்கும். விசிறி அமைதியாக இருப்பதால் மூடியின் கண்ணாடியில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கலாம். என் மகள் அங்கிருந்து "பாப்பா, பாப்பா" என்று கூப்பிடுவாள். ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ஒட்டியிருக்கும் முட்டைகள் ஒன்றின் சத்தத்தை ஒன்று கேட்டு ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கும் என்று காடை முட்டைகளில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். கோழி முட்டையிலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. முந்தையதில், கையால் புரட்டிய பழைய பெட்டியில், இரைச்சல் தாங்காது. குரல் கேட்டதே இல்லை.

ஓடு கீறிய பிறகு முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். உதவுகிறேன் என்று ஓட்டைப் பிய்க்காதே. உள்ளே ரத்தம் இன்னும் குஞ்சுக்குள் வாங்கி முடிந்திருக்காது. வந்த குஞ்சை உடனே எடுக்கவும் வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, இரண்டு நாள் தாங்கும். ரோமம் உலரட்டும்.

அதன் பிறகு புரூடர், அதாவது விளக்குச் சூட்டில் குஞ்சு வளர்க்கிற இடம். அங்கே எனக்கு எந்த மெஷினோடும் சண்டை இல்லை, ஏனென்றால் முகப்பும் கிடையாது, எண்ணும் கிடையாது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைப்பு என்பது கணக்கு. நான் பார்ப்பது குஞ்சை. விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. அங்கங்கே பரவிப் படுத்திருந்தால் நான் போய்த் தூங்கலாம். தரைக்கு வழுவழுப்பான காகிதம் மட்டும் போடாதே, கால் விரிந்து போய்விடும். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வை, இல்லாவிட்டால் முதல் வாரத்துக் குஞ்சு முங்கிச் சாகும். மூன்றாவது வாரத்துக்கு மேல் படுக்கை ஈரமாகவே கிடந்தால் ரத்தக்கழிச்சல் வந்து நிற்கும். எனக்கு இரண்டாவது வருடம் அப்படி 11 போனது.

அடைக்கோழி ஒன்று அந்த நேரத்தில் குஞ்சு இறக்கியிருந்தால் இன்னும் நல்லது. இருட்டிய பிறகு, பிறந்து ஒன்றிரண்டு நாளே ஆன மெஷின் குஞ்சுகளை அதன் இறக்கைக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவார் அத்தை. விடிந்தால் எல்லாம் அதன் பிள்ளைகள்தான். எல்லாக் கோழியும் ஏற்காது, காலையில் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இப்போது பழுது விஷயம். போன மாதம் விசிறி நின்றது. நான்கு வருடம் இரவும் பகலும் ஓடிய விசிறி, குறை சொல்ல மாட்டேன். சரி செய்யக் கொடுத்தேன், புது விசிறியோடு வந்தது. 42 முட்டை அடுக்கி, டேப்பைப் பார்த்து 38.6 வைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றத் திறந்தபோது முகத்தில் அடித்த சூடு வேறு மாதிரி இருந்தது. ஓடிப்போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து வைத்தேன். 39.2.

சென்சாரையும் மாற்றியிருக்கிறார்கள். சொல்லவில்லை. கேட்டபோது, "அதுவும் பழசா இருந்துச்சு, நல்லதுக்குத்தான் மாத்தினோம்" என்றார் பழுது பார்த்தவர். நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார். பழைய சென்சார் 0.9 கூட்டிக் காட்டியது, புதியது 0.6 குறைத்துக் காட்டுகிறது. பிழை திசை மாறிவிட்டது, என் டேப் பழைய திசையிலேயே நின்றது. சரிபார்க்காமல் வைத்தது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிய சென்சாரும் சரியாகக் காட்டவில்லையே! 4 வருடம் கழித்து வந்த பாகமும் பொய்தான் சொல்கிறது, திருத்த வழி இப்போதும் இல்லை.

7ஆம் நாள் பார்த்ததில் கரு கூடாதது 4, ரத்த வளையம் 9. வழக்கமாக ஒன்றோ இரண்டோதான் வரும். கரு கூடாவிட்டால் சேவலைச் சொல்லலாம், முட்டை பழசு என்று சொல்லலாம். ரத்த வளையம் அப்படியல்ல. உயிர் பிடித்து, நரம்பு ஓடி, பிறகு செத்தது. அந்த 9ஐ எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கை கழுவும்போதுதான் உன் போன் வந்தது.

அதனால் சொல்கிறேன், வாங்காதே. எத்தனை விலை குறைந்தாலும் வேண்டாம். எண்ணைத் திருத்துகிற வசதி உள்ள வேறொன்று கிடைக்கும்வரை பொறு. அதுவரைக்கும் உன்னிடம் அடை கேட்டுக் கத்துகிற கோழி இருந்தால் அதற்கு 10 முட்டை வை, அதற்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை.

என்னுடையதைக் கேட்டாயே, அதைத் தர முடியாதுடா தம்பி. பழைய டேப்பைக் கிழித்துவிட்டு 37.1 என்று புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், பக்கத்திலேயே தெர்மாமீட்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்று 19ஆம் நாள். உள்ளே 27 முட்டை இருக்கிறது. சாயங்காலம் மகள் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போய்க் கேட்டேன். இரண்டு குரல்.