சீவிய உரித்து வெச்சு உறுதி எழுதினோம்: ஹட்டன்ல ஒரு நொத்தாரிஸ் கந்தோர்

அப்பா தோட்டத்துல உழைச்ச ஈபிஎஃப் காசைப் போட்டு டவுனுக்குப் பக்கத்துல பத்து பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டினாரு, முன்னுக்கு ரெண்டு கடை ரூம், அந்த வாடகையிலதான் இப்ப அவரும் அம்மாவும் சாப்புடுறாங்க. அதை என் பேருக்கு எழுதிறணும்னு ஒரே பிடிவாதம். எனக்குத்தான் பயம், ஏன்னா தெரிஞ்ச ஒரு பாட்டி மகன் பேருக்கு முழுசா எழுதிக் குடுத்துட்டு, அவங்க கட்டின வீட்டுலயே ஒரு மூலையில ஒண்டிக் கிடந்ததை கண்ணால பார்த்தவ நான்.

பஸ் ஸ்டாண்டுக்கு மேல மாடியில, உறுதி, அதான் காணிப் பத்திரம், எழுதிக் குடுக்கிற ஒரு நொத்தாரிஸ் கிட்ட போனோம். மனுசன் பொறுமைசாலி. நன்கொடை உறுதியா எழுதுங்க ஐயா, ஆனா சீவிய உரித்தை உங்க கையில வெச்சுக்கங்கன்னு அப்பாகிட்ட சொன்னாரு. வீடு என் பேருல, ஆனா உசுரு இருக்கிற வரைக்கும் குடியிருக்கிறது, வாடகை எடுக்கிறது எல்லாம் அவங்க உரிமை, நான் யாருக்கும் வித்தாலும் அந்த உரித்து அப்படியே நிக்கும். அவங்களும் வீட்டைப் பாழாக்கக் கூடாது, வரி கட்டணும். பின்னுக்கு நிக்கிற பட்டர்ஃப்ரூட் மரத்துல காய்க்கிறது அவங்களுக்கு, அந்த டர்பன்டைன் மரத்தை வெட்டி பலகைக்கு விக்கிறதுன்னா என்னைக் கேக்கணும்னு அவரு சொன்னப்பதான் அப்பாவுக்கே விசயம் பிடிபட்டுச்சு. இது நம்ம இலங்கையில ஒல்லாந்தர் காலத்துல வந்த ரோமன் டச்சுச் சட்டத்துல இருந்து வர்ற உரிமையாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பழைய உறுதி அப்பா பேருல மட்டும்தான் இருந்துச்சு. "உங்களுக்குப் பிறகு அம்மாவுக்கு என்னங்கய்யா?"ன்னு நொத்தாரிஸ் அவராவே கேட்டாரு. அப்பா வாயே திறக்கல, அம்மா முந்தானையைத் திருகிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்பாவுக்குப் பிறகு அம்மா காலம் வரைக்கும் அந்த உரித்து தொடரும்னு தனியா ஒரு வரி சேர்த்தாரு. அந்த வரி இல்லாட்டி நாளைக்கு அம்மா வாடகைக் காசுக்கு என் கையைத்தான் பார்த்து நிக்கணும், அப்படி ஒரு நிலைமை அவங்களுக்கு வேணாம்.

குறையும் இருக்கு. முதல்ல இங்கிலீசுல டைப் பண்ணிக் குடுத்தாங்க, தமிழ்ல வேணும்னு ரெண்டு தடவை அலைஞ்சேன். பதிவாகி உறுதி கையில வர சொன்ன நாளைவிட மூணு கிழமை கூடிப்போச்சு, போன் எடுத்தாலும் பதிலில்லை. ஆனா ஒப்பம் வைக்கிற அன்னைக்கு முழுசையும் சத்தமா வாசிச்சு, அப்பா தலையாட்டின பிறகுதான் பேனாவைக் குடுத்தாரு, ரெண்டு சாட்சியும் அங்கேயே உக்காந்திருந்தாங்க. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் இல்லாட்டி காணி எழுதினது செல்லாது, அதனால வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுக்கிறதை யாரும் நம்பாதீங்க. நன்கொடையை ஏத்துக்கிறேன்னு நானும் அதுலயே ஒப்பம் வெச்சேன்.

பெத்தவங்க பேருல காணி இருந்தா தாராளமா இங்க கூட்டிட்டுப் போங்க. பழைய உறுதி, பிளான், எல்லார் ஐடியும் கையில இருக்கட்டும், சனிக்கிழமை மட்டும் போகாதீங்க, படிக்கட்டு வரைக்கும் சனம்.