நீர்புகா 40 கிலோஹெர்ட்ஸ் சென்சார்: தொடர் காயிலா, ட்ரான்ஸ்ஃபார்மரா?

மீயொலி அனுப்பி, எதிரொலியை வாங்கித் தூரம் அளக்கும் சென்சாரில், ஒலி எழுப்பும் ட்ரான்ஸ்ட்யூசருக்கு வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பது எதைக் கொண்டு என்பதே கேள்வி. வலைமுகம் கொண்ட திறந்த வகைக்கு அது எழாது. எச்-பிரிட்ஜில் (நான்கு சுவிட்சுகளால் மின்திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சுற்று) நேரடியாக 20 வோல்ட் கொடுத்தால் போதும். அலுமினிய மூடி போட்ட நீர்புகா வகைக்குத்தான் 100 வோல்ட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அங்கே என் ஓட்டு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு.

காயில்காரர்களின் கணக்கு பார்க்க அழகாக இருக்கும். ட்ரான்ஸ்ட்யூசரின் கெப்பாசிட்டன்ஸ் 2000 பிகோஃபாரட் என்றால், 40 கிலோஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் (மாறுமின்னுக்கு அது காட்டும் தடை) சுமார் 1990 ஓம். தொடரில் 7.9 மில்லிஹென்றி போட்டால் ஒத்ததிர்வு, வோல்டேஜ் பல மடங்கு ஏறும். வெறும் கெப்பாசிட்டரை மாட்டிச் சோதித்தால் ஏறவும் செய்யும்! ட்ரான்ஸ்ட்யூசரை மாட்டியதும் படுத்துவிடும். தன் அதிர்வெண்ணில் அது வெறும் கெப்பாசிட்டர் அல்ல, இணையாக ஒரு ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துகொள்கிறது. அது 500 ஓம் என்றால், காயிலை எவ்வளவு கச்சிதமாகப் பொருத்தினாலும் ஏற்றம் 3 சதவீதம்தான். 4000 ஓம் என்றால் 2.2 மடங்கு கிடைக்கும். அதுவும் கெப்பாசிட்டன்ஸ் 20 சதவீதம் கூடிக் குறைந்தால் 1.9-க்கும் 2.5-க்கும் நடுவே ஆடும்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது இந்த ரெசிஸ்டன்ஸை. 1 கிலோஓமைத் தொடரில் வைத்து, சிக்னல் ஜெனரேட்டரை 38-லிருந்து 42 கிலோஹெர்ட்ஸ் வரை 10 ஹெர்ட்ஸ் படியாக நகர்த்துங்கள். ட்ரான்ஸ்ட்யூசர் மேல் வோல்டேஜ் அடிமட்டம் தொடும் இடத்தில், அது ஜெனரேட்டர் வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் சுமார் 500 ஓம். ரப்பர் புஷ்ஷில் பொருத்திய பிறகே அளக்கவும். பிடிப்பு மாறினால் எண்ணும் மாறும்.

ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைச் சுற்று விகிதமே தீர்மானிக்கிறது. 12 வோல்ட் பிரிட்ஜ், 1:5 விகிதம் என்றால் உச்சத்திலிருந்து உச்சம் 120 வோல்ட். ட்ரான்ஸ்ட்யூசரின் 500 ஓம், பிரைமரியில் (பிரிட்ஜ் பக்கச் சுற்றில்) 20 ஓமாகத் தெரியும், 0.6 ஆம்பியர் இழுக்கும். பிரிட்ஜுக்கு அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால், 8 பல்ஸுக்குச் சப்ளை வோல்டேஜின் சரிவு சுமார் 1.2 வோல்ட். செகண்டரியில் (ட்ரான்ஸ்ட்யூசர் பக்கச் சுற்றில்) 1000 பிகோஃபாரட் சி0ஜி (வெப்பத்தில் மதிப்பு மாறாத வகை) கெப்பாசிட்டரை இணையாகப் போட்டு, மொத்தம் 3000 பிகோஃபாரடோடு ஒத்ததிரும்படி 5.3 மில்லிஹென்றிக்குச் சுற்றுங்கள். ட்ரான்ஸ்ட்யூசரின் 20 சதவீத ஆட்டம் மொத்தத்தில் 13 ஆகச் சுருங்கும். எதிரொலி வாங்கும்போது அதன் அருமை தெரியும். பிரைமரி அப்போது 0.21 மில்லிஹென்றி, காந்தமாக்கும் மின்னோட்டமே 0.36 ஆம்பியர் உச்சம் தொடும். ஃபெரைட் கோரில் காற்று இடைவெளி இல்லாவிட்டால் அங்கேதான் நிறைவுற்றுக் கெடும்.

வேறு அதிர்வெண் சென்சாருக்கு இந்த எண்களை அப்படியே தூக்கிப் போக வேண்டாம். அளந்து புதிதாகப் போடுங்கள்.

அதிர்வு அடங்க 1 மில்லிவினாடி கூடினால் குருட்டுத் தூரம் (எதிரொலியைப் பிரித்தறிய முடியாத கிட்டத்துத் தூரம்) 17 சென்டிமீட்டர் கூடும். செகண்டரிக்கு இணையான ரெசிஸ்டரை 10 கிலோஓமில் தொடங்கி இறக்கிப் பாருங்கள், எதிரொலி மெலிய ஆரம்பிக்கும் வரை.