வாய் திறக்கலாமா கூடாதா என்று சொல்லித்தரும் ஆறு வீடியோக்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை, சட்டம் படிக்கும் எண்ணமும் இல்லை. இந்த ஆன்லைன் வகுப்பை நான் வாங்கியதற்குக் காரணம் என் நண்பர். பார்ட்னரோடு தொழிலைப் பிரித்துக்கொண்டதில் தகராறு வந்து, அவர்மேல் பணம் கேட்டு ஒரு சிவில் வழக்கு, அதே பணத்துக்கு மோசடி என்று ஒரு கிரிமினல் புகார், எஃப்.ஐ.ஆரும் போட்டாகிவிட்டது. சிவில் வக்கீல் "எல்லாவற்றையும் விவரமாக எழுதி எதிருரை போடுங்கள், இல்லாவிட்டால் கேஸ் போய்விடும்" என்கிறார் (எதிருரை என்றால் வழக்குக்குக் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் பதில்). கிரிமினல் வக்கீல் "ஒரு வரிகூட எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்" என்கிறார். இரண்டு பேருக்கும் ஃபீஸ் கட்டிக்கொண்டு நடுவில் முழித்தவர் என்னிடம் வந்து புலம்ப, தேடிப் பார்த்தபோது கிடைத்ததுதான் இது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமை சிவில் கோர்ட்டில் எப்படி, கிரிமினல் கோர்ட்டில் எப்படி என்பதுதான் பாடம். ஆறு வீடியோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், தமிழில். நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு வக்கீல்.

முதல் இரண்டு வீடியோவும் கிரிமினல் பக்கம். அரசியலமைப்பின் 20(3) ஒரே ஒரு வாக்கியம்தான், அதை அவர் மூன்றாக உடைத்துக் காட்டுகிறார்: ஆள் குற்றம் சாட்டப்பட்டவராக இருக்க வேண்டும், கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும், வாங்கும் சாட்சியம் அவருக்கே எதிராக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கைரேகை, கையெழுத்து மாதிரி கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1961லேயே உச்ச நீதிமன்றத்தில் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து, அதெல்லாம் சாட்சியம் ஆகாது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் மூளைக்குள் இருப்பதைப் பிடுங்கும் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் கருவி இதற்கெல்லாம் சம்மதம் இல்லாமல் உட்கார வைக்க முடியாது, அது 2010 செல்வி வழக்கு. போலீஸ் விசாரணையிலும் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதற்கு 1978 நந்தினி சத்பதி வழக்கு. கிரிமினல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவில்லை என்பதை வைத்து எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கோர்ட்டும் அதிலிருந்து எதையும் ஊகிக்கக்கூடாது. இதெல்லாம் நன்றாகவே நடத்தியிருக்கிறார், கொஞ்சம் இழுவை, 1.5 வேகத்தில் வைத்தால் சரியாக இருக்கும்.

கொடுத்த காசுக்கு மதிப்பு மூன்றாவது வீடியோவில்தான் இருக்கிறது. சிவில் வழக்கில் பிரதிவாதி 'குற்றம் சாட்டப்பட்டவர்' இல்லை, கடன்காரர் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் வெறும் சிவில் வழக்கில் 20(3)ஐத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அப்படியானால் கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன ஆகும்? பழைய சாட்சியச் சட்டத்தின் 132வது பிரிவு இங்கே வருகிறது. கேள்வி வழக்குக்குத் தொடர்புள்ளது என்றால், பதில் உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடும் என்ற காரணத்தைச் சொல்லிச் சாட்சி தப்ப முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு ஈடாக, அப்படிக் கட்டாயப்படுத்தி வாங்கிய பதிலை வைத்து உங்களைக் கைது செய்யவோ வழக்குப் போடவோ கூடாது, கிரிமினல் கேஸில் உங்களுக்கு எதிராகக் காட்டவும் கூடாது. பொய் சொன்னால் மட்டும் அதற்குத் தனியாக வழக்கு வரும். வாயை அடைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு கிரிமினலில், வாயைத் திறக்கவைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு சிவிலில் என்று அவர் சொன்ன இடத்தில் வீடியோவை நிறுத்தி இரண்டு தடவை கேட்டேன்.

இதில் ஒரு சிக்கலையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். 'கட்டாயம்' என்றால் என்ன, சாட்சி முதலில் ஆட்சேபம் தெரிவித்து, அதன்பிறகு கோர்ட் சொல்லச் சொன்னால்தான் கட்டாயமா என்ற சண்டை 1881ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அதனால் பதில் சொல்லும் முன் ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிடுவது நல்லது என்கிறார். இன்னொன்று, இந்தப் பிரிவு சாட்சியிடம் கேட்டு வாங்கும் பதிலைப் பற்றித்தான் பேசுகிறது, நீங்களாக உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் எதிருரையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அங்கேதான் என் நண்பரின் கிரிமினல் வக்கீல் ஏன் பதறினார் என்று புரிந்தது.

சரி, எழுதாமல் இருந்துவிடலாமே என்றால் சிவில் வக்கீல் பதறியதும் நியாயம்தான். சிவில் நடைமுறைச் சட்டத்தில், வழக்குப் போட்டவர் பிராதில் சொன்னதைக் குறிப்பாக மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம், எதிருரை போட முப்பது நாள், நீட்டித்தால் தொண்ணூறு. வழக்கின் தரப்பே கூண்டில் ஏறிச் சொல்லாமல் ஒதுங்கினால், அவர் சொல்லும் கதை உண்மையில்லை என்று ஊகிக்கலாம் என்று 1999ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே மௌனம்தான், கிரிமினலில் அதைப் பற்றி மூச்சே விடக்கூடாது, சிவிலில் அதை வைத்தே கணக்கைத் தீர்த்துவிடலாம்.

நான்காவது வீடியோ அமெரிக்கா. அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்சன் கதையைச் சுவையாகச் சொல்கிறார். 1995ல் கொலை வழக்கில் அவர் கூண்டில் ஏறவே இல்லை, விடுதலை. அப்புறம் இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட சிவில் வழக்கு. ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பதால் மாட்டிக்கொள்வேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வந்தது, 1997ல் தோற்றார். நல்ல உதாரணம். ஆனால் இதே வீடியோவில்தான் எனக்குக் கோபமும் வந்தது. சிவிலில் மௌனத்திலிருந்து எதிராக ஊகிக்கலாம் என்ற 1976 அமெரிக்கத் தீர்ப்பை நம் ஊர்ச் சட்டத்தோடு கலந்து பேசிக்கொண்டே போகிறார், எது அங்கே எது இங்கே என்று பிரித்துச் சொல்வதில்லை. போதாததற்கு, உலகத்தில் எங்கேயும் கிரிமினல் கோர்ட்டில் மௌனத்தை எதிராக எடுக்க மாட்டார்கள் என்று ஒரு போடு போடுகிறார். இங்கிலாந்தில் 1994 சட்டத்துக்குப் பிறகு, போலீஸ் கேட்கும்போது சொல்லாமல் விட்டதைப் பின்னால் கோர்ட்டில் வந்து சொன்னால் அதை எதிராக எடுக்க வழி உண்டு. சட்டம் படிக்காத நானே பத்து நிமிடத்தில் தேடிப் பார்த்த விஷயம் இது.

அடுத்த குறை, பிரிவு எண்கள் எல்லாம் பழசு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன, சாட்சியச் சட்டத்தின் 132 இப்போது 137, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸ் விசாரணைக்கான 161 இப்போது 180. உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை, பழைய கேஸ்கள் பழைய எண்ணிலேயே ஓடுகின்றன, எல்லாம் சரி, ஆனால் 'முழுவதும் புதுப்பிக்கப்பட்டது' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு இப்படி விட்டால் எப்படி?

நான் எதற்காக வாங்கினேனோ அது ஐந்தாவது வீடியோவில், மொத்தமே எட்டு நிமிடம். சிவிலும் கிரிமினலும் சேர்ந்து ஓடினால் என்ன செய்வது என்ற கேள்வி. 1954ல் எம்.எஸ். ஷெரீஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிரிமினலுக்கு முன்னுரிமை, சிவிலை நிறுத்திவைக்கலாம், ஆனால் அது கறாரான விதி இல்லை, பிரதிவாதிக்கு ஏற்படும் சங்கடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னதைச் சொல்கிறார். மனு எப்போது போடுவது, எதிருரைக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதெல்லாம் இல்லை. மெயில் அனுப்பிக் கேட்டேன். பதினோரு நாள் கழித்து "தங்கள் வழக்கறிஞரை அணுகவும்" என்று பதில் வந்தது. வழக்கறிஞர்கள் இரண்டு பேர் இருப்பதுதானே ஐயா பிரச்சினையே!

ஆறாவது, மாதிரிக் குறுக்கு விசாரணை, அருமை. சாட்சியாக நடிப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் "ஞாபகம் இல்லை" என்று சொல்ல, வக்கீலாக நடிக்கும் பெண்மணி அவருடைய பழைய கடிதத்தையே எடுத்து நீட்டுகிறார். உரிமையைச் சொல்லி ஆட்சேபிப்பது வேறு, மறந்துவிட்டதாகப் பொய் சொல்வது வேறு என்பது இதைப் பார்த்தால் நிலைத்துவிடும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கேஸ் நடத்துபவர்கள் மூன்றையும் ஆறையும் பாருங்கள், நான்கைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. நண்பர் அந்த எட்டு நிமிடத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டு இரண்டு வக்கீலையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டார், சிவில் வழக்கை நிறுத்திவைக்க மனு தயாராகிறது. மிச்ச வீடியோவைப் பார்க்க என் லாகினைக் கொடுத்தேன். ஒரு லாகின் ஒரு போனில்தான் ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது, அதுவும் விளம்பரத்தில் இல்லை.